புகை விடும் கெளுத்தி

கெளுத்தி மீனின் வாய்க்குள் தலையை விட்டிருந்த ராதோஷ் இருமிக்கொண்டே வெளியே வந்தான்.

"எரியுதா?" என்று கேட்டாள் அவன் மனைவி தெசாங்கா.

"இல்ல. யோசிக்குது."

தெசாங்கா ஈரத் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். வரவேற்பறையின் மேல்பாதியைக் காணவில்லை. சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தில் இருவரும் இடுப்புக்குக் கீழேதான் தெரிந்தார்கள்.

"கிறிஸ்துமஸ் நெருங்கிடுச்சு. எங்கப்பா இந்தப் புகையில வந்து கட்டையைத் தட்டுவாராக்கும்?"

ராதோஷ் மூக்கிலிருந்த கரியைத் துடைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் டான்யூப் ஆற்றங்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்தால் மாலைவரை வாய் திறக்காத ஆள் அவன். மீன்களிடம் பழகிய அந்த முறையே மனைவியிடமும் செல்லும் என்று நம்பியிருந்தான். பெரும்பாலும் சென்றது. மாமனார் விஷயத்தில் மட்டும் செல்லாது.

மாமனார் ஓப்ராத்துக்கு இரண்டு பெண்கள். கிறிஸ்துமஸ் காலையில் வீட்டுக்கு வரும் முதல் காலடி யாருடையதோ, அந்த வருஷத்தின் நல்லது கெட்டது அவர் பொறுப்பு. அவர் உள்ளே வந்து, கணப்பில் எரியும் ஓக் கட்டையைக் குச்சியால் தட்டவேண்டும். எத்தனை பொறி பறக்கிறதோ அத்தனை ஆடு மாடு, அத்தனை செல்வம், அத்தனை சந்தோஷம். கல்யாணமான நாள் முதல் ஓப்ராத்தின் முதல் காலடி மூத்தவள் வீட்டுக்குத்தான். தெசாங்கா கேட்டபோதெல்லாம் ஒரே பதில்:

"உன் ஃப்ளாட்டுல என்னத்தைம்மா தட்டுறது? சுடுதண்ணி ரேடியேட்டரையா?"

ஒரு வருஷம் ரேடியேட்டரையே தட்டிப் பார்த்தார்கள். அன்று காலை முதலில் வந்தவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். ஸ்பானரால் நாலு தட்டுத் தட்டி மனதார வாழ்த்திவிட்டுப் போனான். பிப்ரவரியில் ரேடியேட்டர் வெடித்தது.

அதனால்தான் ஊர் ஓரத்தில் இந்த வீடு. அதனால்தான் இந்தக் கணப்பு.

வெறும் கணப்பு போதாது. மூத்தவளின் கணவன் திஹோமிர் பல் மருத்துவன். அவன் வீட்டில் இருப்பது ஆளுயரக் கடைவாய்ப்பல் ஒன்று. வெள்ளைப் பளிங்கு. சொத்தை இருக்கவேண்டிய இடத்தில் தீ. அதன் படம் பத்திரிகையில் வந்திருந்தது; மாமனார் அதைக் கத்தரித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களுக்குக் காட்டுவார்.

"அந்தப் பல்லைவிட விசேஷமா ஒண்ணு வேணும்" என்று தெசாங்கா சொல்லிவிட்டாள். இரவெல்லாம் கம்ப்யூட்டரில் கணப்புகளாகப் பார்த்தாள். கூரையிலிருந்து தொங்கும் முட்டை, நெருப்பு கக்கும் வயலின், எரிமலை, மண்டை ஓடு. "நீங்களும் ஏதாவது சொல்லுங்களேன்!"

"கெளுத்தி" என்றான் ராதோஷ். தூக்கக் கலக்கத்தில் சொன்னது. அதுவே நிலைத்துவிட்டது.

மேஸ்திரி மிலாதின் உண்மையிலேயே உழைத்துக் கட்டினார். பச்சை ஓடுகள் செதிலாக அடுக்கப்பட்டன. செம்புக் கம்பியில் மீசை. கண்களுக்குச் சிவப்புக் கண்ணாடி. ஒரு கன்றுக்குட்டி படுக்கலாம், அவ்வளவு பெரிய வாய். பார்த்தவர்கள் மீசையைத் தொட்டுப் பார்த்தார்கள். ஆனால் தீ மூட்டினால், டான்யூபில் முந்நூறு வருஷம் வாழ்ந்த கிழட்டுக் கெளுத்தி ஒன்று சுருட்டுப் பிடிப்பது போல இருந்தது.

ராதோஷ் போன் செய்து மிலாதினை வரவழைத்தான்.

மிலாதின் கதவைத் திறந்து, வாசல்படியில் நின்று, பூட்ஸிலிருந்த பனியை ஒவ்வொரு காலாக உதறினார். பெரிய பூட்ஸ். வெளியே வேலி ஓரமாக நின்றிருந்த பக்கத்து வீட்டு பெர்சிதாவோடு இடையிடையே இரண்டு வார்த்தையும் பேசிக்கொண்டார். அந்த நேரத்தில் கெளுத்தியின் தொண்டையில் 'உஃப்' என்று ஒரு சத்தம். புகை பின்வாங்கியது. கட்டை குபுகுபுவென்று பற்றியது. சிவப்புக் கண்கள் ஜொலித்தன.

"எரியுதே! நல்லாத்தானே எரியுது? அதுக்கா என்னைக் கூப்பிட்டீங்க?"

"மேஸ்திரி, கதவைச் சாத்துங்க!" என்று அலறினாள் தெசாங்கா. "குறுக்குக்காத்து!"

"ஐயோ, ஆமாம்" என்று மிலாதின் பாய்ந்து சாத்தினார். குறுக்குக்காற்று என்றால் இந்த ஊரில் விளையாட்டில்லை. டாக்டர்களே ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் நாடி பிடிப்பார்கள். "என் சித்தி பொண்ணு ஒருத்தி, ரெண்டு ஜன்னலுக்கு நடுவுல உக்காந்து பட்டாணி உரிச்சா. சாயங்காலம் பார்த்தா வாய் காதுகிட்டப் போயிருந்துது. திரும்பி வரவே இல்ல."

"யாரு, அவங்களா?"

"வாய்."

அவர் காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் புகை மறுபடியும் இறங்கியது. மிலாதின் கண்ணைக் கசக்கிக்கொண்டு அறையைச் சுற்றி வந்தார். ஜன்னல் இடுக்கில் விரலை வைத்துப் பார்த்தார். முகம் இறுகியது.

"இங்க பாருங்க. காத்து நுழையுது. உள்ள வந்து புகையை மேல போகவிடாம குழப்பி விடுது. ஒரு ஓட்டை விடாம அடைங்க."

அடைத்தார்கள். ஜன்னல் இடுக்குகளில் கம்பளிப் பட்டை. சாவித் துவாரத்தில் மெழுகு. கதவுக்கடியில் உருட்டிய போர்வை. தபால் போடும் பிளவில் ராதோஷின் பழைய காலுறை. கடைசியில் வீடு ஊறுகாய் ஜாடி போல ஆனது. தீ மூட்டினார்கள். இப்போது புகை வாய் வழியாக மட்டும் வரவில்லை. கண்ணாடிக் கண்களின் ஓரங்களிலிருந்தும் இரண்டு நூலாக இறங்கியது.

"அழுவுது" என்றான் ராதோஷ்.

"நான்தான் அழணும்" என்றாள் தெசாங்கா.

அப்படிச் சொன்னாலும் அழவில்லை. மேசையில் உட்கார்ந்து துண்டை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். அவள் அப்பா வருவதாகச் சொல்லிவிட்டார். "கெளுத்தியா? வாயில தீயா? சரி, இந்த வருஷம் உங்க வீட்டுக்குத்தான் முதல் காலடி" என்று போனில் சொன்ன அன்று அவள் சமையலறையில் தனியாக நின்று சிரித்ததை ராதோஷ் பார்த்திருக்கிறான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அந்தச் சிரிப்பை வரவழைத்ததில்லை. ஒரு மீனும் வரவழைத்ததில்லை.

அடுத்த நாள் அவன் கடைக்குப் போய், அடுப்புக்கு மேலே மாட்டும் புகை இழுக்கும் விசிறிகளிலேயே வலுவானதை வாங்கி வந்தான். உணவு விடுதிகளுக்கானது. "புகை எங்க இருந்தாலும் இழுத்துடும்" என்று கடைக்காரர் உறுதி சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. சமையலறையில் விசிறியைப் போட்டதும் கெளுத்தியின் வாயிலிருந்து புகை ஊர்வலமாகக் கிளம்பி, வரவேற்பறையைக் கடந்து, நடைவழியில் திரும்பி, சமையலறைக்குள் நுழைந்தது. அதன் பின்னாலேயே புகைபோக்கியின் உச்சியிலிருந்து கரி முழுக்க 'தொப்'பென்று இறங்கி, மாமனாருக்காக வெளுத்துக் காயப்போட்டிருந்த மேசைவிரிப்பின் மேல் உட்கார்ந்தது.

தெசாங்கா மேசைவிரிப்பைப் பார்த்தாள். ராதோஷைப் பார்த்தாள். அவன் விசிறியை அணைத்தான்.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. போர்வையை உருவி, கதவைத் திறந்தான். பெர்சிதா நின்றிருந்தாள். கையில் ஒரு தட்டு.

பெர்சிதாவைப் பற்றி அந்தத் தெருவில் ஒரே அபிப்பிராயம்தான்: உள்ளேயும் வரமாட்டாள், வெளியேயும் போகமாட்டாள். கணவன் போன பிறகு தனியாக இருப்பவள். ஏதாவது ஒரு சாக்கில் வந்து, ஒரு கால் வாசல்படிக்கு உள்ளே, ஒரு கால் வெளியே வைத்துக்கொண்டு, கதவைப் பிடித்தபடி பேச ஆரம்பிப்பாள். அவளைக் கண்டால் ஆட்கள் அடுப்பில் பால் வைத்திருப்பது ஞாபகம் வந்தவர்களாகிவிடுவார்கள்.

"வால்நட் பிஸ்கட் பண்ணேன். கொஞ்சம் கொண்டுவந்தேன். என்ன தம்பி, மூஞ்சியெல்லாம் கரி? சுரங்கத்துல வேலை கிடைச்சிருக்கா?"

"கணப்பு, அக்கா."

"கேள்விப்பட்டேன். மீனாமே! எங்க வீட்டுக்காரருக்கு மீனே ஆகாது. முள்ளு தொண்டையில மாட்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்க ஒரு நர்ஸ்…"

நர்ஸின் நாத்தனார்வரை கதை போனது. தெசாங்கா பின்னாலிருந்து "கதவு, கதவு" என்று முணுமுணுத்தாள். அப்புறம் முணுமுணுப்பு நின்றுவிட்டது. கெளுத்தி எரிந்துகொண்டிருந்தது. நீலமும் மஞ்சளுமாக, சத்தமில்லாமல், ஒரு துளி புகையில்லாமல்.

பெர்சிதாவும் அதைப் பார்த்தாள். பேச்சை நிறுத்தினாள். தீயைப் பார்த்தாள், தான் பிடித்திருந்த கதவைப் பார்த்தாள், அவர்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். "அழகா இருக்கு" என்று மட்டும் சொல்லித் தட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். கதவைச் சாத்தி, போர்வையை வைத்து, திரும்பி வருவதற்குள் தீ சுருங்கியது. புகை இறங்கியது.

தெசாங்கா பிஸ்கட்டைக் கையில் வைத்தபடியே நின்றாள்.

"பார்த்தீங்களா? அந்தம்மா இருந்தாங்க, எரிஞ்சுது. போனாங்க, அணைஞ்சுது."

"தற்செயலா இருக்கும்."

"கால்ராசி! அவங்களுக்குக் கால்ராசி இருக்கு!"

"மேஸ்திரி வந்தப்பவும் எரிஞ்சுதே?"

"அன்னைக்கு வேலி ஓரமா நின்னது யாரு? பெர்சிதா அக்காதானே?"

ராதோஷ் யோசித்தான். மறுக்க முடியவில்லை.

மறுநாள் சோதித்துப் பார்த்தார்கள். பெர்சிதாவை அழைத்தார்கள். அவள் படியில் நின்றாள்; எரிந்தது. போனாள், அணைந்தது. வேறு காலையும் சோதிப்போம் என்று ராதோஷ் தானே வெளியே போய், சட்டென்று உள்ளே வந்து, பொறுப்பாகக் கதவைச் சாத்தினான். கெளுத்தி அவன் முகத்தில் புகையை ஊதியது.

"உங்க கால்ல என்னத்தைக் கண்டேன், இத்தனை வருஷமா" என்றாள் தெசாங்கா.

ஆக, பெர்சிதா வந்தே ஆகவேண்டும். ஆனால் வந்தால் முதல் காலடி அவளுடையதாகிவிடும். வாசலில் இன்னொருத்தி தனக்கு முன்னால் நின்றாள் என்று தெரிந்தால் ஓப்ராத் அப்படியே திரும்பிப் பல் வீட்டுக்குப் போய்விடுவார். அடுத்த ஜென்மத்தில்தான் வருவார்.

இரவு முழுக்க விழித்திருந்து தெசாங்காவே வழி கண்டுபிடித்தாள். "பின்வாசல் கணக்குல வராது. அப்பா முன்வாசல்ல கால் வைக்கிற அதே நேரம் அவங்க பின்வாசல்ல வைக்கட்டும். அப்பா முதல் காலடி. அவங்க வெறும் கால்."

இருவருமாகப் போய்ப் பெர்சிதாவைக் கூப்பிட்டார்கள்.

"அக்கா, கிறிஸ்துமஸ் காலையில நீங்க எங்க வீட்டுக்கு வரணும்."

பெர்சிதா உடனே பதில் சொல்லவில்லை. எப்போதும் கொட்டும் வாய்.

"நானா?"

"நீங்க இல்லாம முடியாது."

"சாப்பாட்டுக்கும் இருக்கணுமா?"

"அதுக்கென்ன, இருங்க" என்றாள் தெசாங்கா. "ஆனா பின்வாசல் வழியா."

"எந்த வாசலா இருந்தா என்னம்மா" என்றாள் பெர்சிதா.

ஜனவரி ஏழு, பழைய காலண்டர்படி கிறிஸ்துமஸ். காலையில் கொஷாவா என்ற குளிர்காற்று அடித்தது. டான்யூபின் மேலிருந்து வந்து கூரைகளை ஆராய்ந்து கொண்டிருந்தது. கெளுத்தியின் வாயில் ஓக் கட்டை கண் மூடியபடி புகைந்துகொண்டிருந்தது. பின்வாசலுக்கு வெளியே பெர்சிதா தன் நல்ல கோட்டை அணிந்து தயாராக நின்றாள். ராதோஷ் சமையலறைச் சுவரைத் தட்டினால் அவள் கதவைத் திறக்கவேண்டும்.

திஹோமிரின் கார் வந்து நின்றது. மாமனாரைக் கொண்டுவந்து விடுவது அவன் முறை. தோல்வியை நேரில் பார்ப்பதும் அவன் விருப்பம்.

"என்ன சகலை, மீன் கடிச்சுதா?" என்று இறங்கும்போதே கேட்டான்.

"பல்லு எப்படி இருக்கு?" என்றான் ராதோஷ்.

ஓப்ராத் அவசரப்படவில்லை. கனத்த உடம்பு, ஆட்டுத்தோல் தொப்பி. வாசலில் நின்று தொண்டையைச் செருமி, "கிறிஸ்து பிறந்தார்!" என்று முழங்கினார்.

"மெய்யாகவே பிறந்தார்!" என்று தெசாங்கா சல்லடையிலிருந்த கோதுமையை அவர் மேல் தூவினாள். அவசரத்தில் பாதி திஹோமிரின் மேல் விழுந்தது. ஓப்ராத் வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தார். ராதோஷ் சுவரைத் தட்டினான்.

பின்கதவு திறந்தது.

காற்று முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியேறும் வழியில், இரண்டுக்கும் நடுவே ஒரு கெளுத்தி வாயைத் திறந்திருப்பதைக் கண்டது. என்ன செய்யும்? திரைச்சீலைகள் கூரையில் ஒட்டின. கட்டை கர்ஜித்தது. ஓப்ராத் குனிந்து குச்சியால் ஒரு தட்டுத் தட்டினார். வாய் நிறையப் பொறி கிளம்பியது.

"எத்தனை பொறியோ அத்தனை ஆடு!"

இன்னொரு தட்டு. அறை நிறையப் பொறி.

"அத்தனை மாடு! அத்தனை குதிரை! அத்தனை பன்றி!"

இப்போது அவர் தட்டவே இல்லை. பொறிகள் தாமாக வந்தன. மேகம் மேகமாக வந்தன. கிழவர் வாழ்த்தில் பின்தங்க விரும்பவில்லை. "அத்தனை கோழி! தேன்கூடு! அத்தனை பேரப்பிள்ளை! அத்தனை… அத்தனை…" கால்நடை தீர்ந்துவிட்டது. "அத்தனை வாத்து!"

"அப்பா, தொப்பி!" என்று தெசாங்கா அலறினாள்.

தொப்பி புகைந்துகொண்டிருந்தது. ராதோஷ் அதைத் தட்டி விட்டான். அது கம்பளத்தில் விழுந்தது. கம்பளம் புகைந்தது. திஹோமிர் ஆபத்துக் காலத்தில் நிதானம் இழக்காதவன். மேசையிலிருந்த ஜாடியைத் தூக்கி அப்படியே கம்பளத்தின் மேல் கொட்டினான். அது ராக்கியா, பிளம் பழச் சாராயம். காய்ச்சியவர் ஓப்ராத். தரமான சரக்கு என்பது அடுத்த நொடியே நிரூபணமானது.

"பாவி, அது தண்ணியில்லடா!" என்று ஓப்ராத் கத்தினார்.

தெசாங்கா சமையலறையிலிருந்து முட்டைக்கோஸ் ஊறுகாய் வாளியோடு ஓடி வந்து மொத்தத்தையும் கவிழ்த்தாள். தீ அடங்கியது. அறை முழுக்கப் புளித்த வாடை. ஓப்ராத்தின் தோளில் ஒரு முழு முட்டைக்கோஸ் இலை தொங்கியது.

"குறுக்குக்காத்து!" என்று முதலில் நினைவு வந்தது திஹோமிருக்குத்தான். "மாமா நனைஞ்சிருக்காரு, கழுத்து பிடிச்சுக்கும்! சாத்துங்க!"

ராதோஷ் முன்கதவைச் சாத்தினான். பின்கதவைத் தெசாங்கா சாத்தினாள். கெளுத்தி ஒரு பெருமூச்சு விட்டு, வயிற்றில் இருந்த புகை முழுவதையும் அறைக்குள் விட்டது.

எல்லோரும் முற்றத்துக்கு ஓடி வந்து பனியில் வரிசையாக நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஓப்ராத் கருகிய தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தெசாங்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள்கள் இறங்கியிருந்தன. ராதோஷ் அவள் பக்கத்தில் போய் நின்றான்.

"தெசா" என்றார் கிழவர் கடைசியில்.

"மன்னிச்சிடுங்கப்பா."

"என் வயசுக்கு இவ்வளவு பொறியை நான் பார்த்ததே இல்லடி." தொப்பியிலிருந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "கடைசியில வாழ்த்துறதுக்கு மிருகமே கிடைக்கல. இனிமே வருஷா வருஷம் எனக்கு இந்த வீடுதான்."

தெசாங்கா அவர் தோளில் சாய்ந்தாள். முட்டைக்கோஸ் இலை இருவருக்கும் நடுவே நசுங்கியது.

"அது சரி, பின்கதவுல நின்ன அந்தம்மா யாரு?"

தெசாங்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கால்ராசிக் கதை முழுவதையும் சொன்னாள். ஓப்ராத் பெர்சிதாவின் பக்கம் திரும்பி, கருகிய தொப்பியை நெஞ்சில் வைத்துத் தலை தாழ்த்தினார். "அம்மா, ஈஸ்டருக்கு நீங்க எங்க கிராமத்துக்கு வரணும். எங்க அடுப்பும் சரியில்ல."

திஹோமிர் அவள் அருகில் போய்க் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, அதுக்கு முன்னால பதினாலாந்தேதி, பழைய காலண்டர் புத்தாண்டுக்கு, எங்க வீட்டுக்கு. காரை அனுப்புறேன். சகலை, வெளியில சொல்லிடாதே, அந்தப் பல்லும் புகையத்தான் செய்யுது."

"வருஷா வருஷம் எனக்கு அங்க இருமல் வந்துதே!" என்றார் ஓப்ராத். "நான் நெஞ்சுச் சளின்னு மாத்திரை சாப்பிட்டுட்டு இருக்கேன்!"

பெர்சிதா எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று தலையாட்டினாள். சாப்பாட்டின்போது அவளுக்கு ஓப்ராத்தின் பக்கத்தில் இடம். ஜன்னலெல்லாம் சாத்தி, தீயை அணைத்து, கோட்டோடு உட்கார்ந்து பன்றி வறுவல் சாப்பிட்டார்கள். அவள் நர்ஸின் நாத்தனார் கதையை முதலிலிருந்து சொன்னாள். யாருக்கும் அடுப்பில் பால் ஞாபகம் வரவில்லை.

இருட்டும் நேரத்தில் ராதோஷ் அவளை வீடுவரை கொண்டுபோய் விட்டான். பாதை வழுக்கியது. அவன் கையில் அவளுக்காகக் கட்டிய வறுவல் பொட்டலம். இருவரும் பேசாமல் நடந்தார்கள். அவளோடு அப்படி நடக்கமுடியும் என்று அவன் நினைத்ததில்லை. அவள் வீட்டு வாசலில் நின்று, அவன் வழக்கத்துக்கு மாறாக ஒரு கேள்வி கேட்டான்.

"அக்கா, இந்தக் கால்ராசி உங்களுக்குப் பிறவியிலேயே இருக்கா?"

பெர்சிதா பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். தெருவில் இருபுறமும் பார்த்தாள். பிறகு ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே வைத்துக்கொண்டு சொன்னாள்:

"என் கால்ல ஒரு மண்ணும் இல்ல தம்பி, கதவு திறந்திருந்தா எரியுது, சாத்தினா அணையுது. அதை நான் பிஸ்கட் கொண்டுவந்த அன்னைக்கே பார்த்துட்டேன்; ஆனா சொல்லியிருந்தா நீங்க கதவைத்தானே திறந்திருப்பீங்க, என்னையா கூப்பிட்டிருப்பீங்க?"